வண்டிக்கு விக்கல்

சண்டை போடவில்லை அக்கா, கேள்விதான் கேட்டேன். கேள்வி கேட்பதற்கும் சண்டை போடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அது இந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. ஸ்டாண்டில் நிற்கிற பஸ்ஸுக்கு எதற்கு இஞ்சின் ஓட வேண்டும்? நீங்கள் வந்து உட்காருவதற்கு முன்னாலிருந்தே உறுமிக்கொண்டு நிற்கிறது. டிரைவர் கீழே டீ குடிக்கிறார், வண்டி மேலே டீசல் குடிக்கிறது. அதைத்தான் கேட்டேன். "நீ என்னம்மா ஆர்.டி.ஓ.வா?" என்கிறார் கண்டக்டர். ஆர்.டி.ஓ.வாக இருந்தால்தான் காது கேட்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்க.

அந்தப் பையை இப்படிக் கொடுங்க, என் காலடியில் வைத்துக்கொள்கிறேன். பரமத்தி வரைக்குமா? நான் அதற்கு ஒரு ஸ்டாப் முன்னால். சொந்தக்காரர் வீடெல்லாம் இல்லை. ஒருத்தரைப் பார்த்து ஒரு விஷயம் பேச வேண்டும். என்ன விஷயம் என்றால் சிரிப்பீர்கள். லாரி விஷயம்.

சிரிக்கிறீர்கள் பாருங்க. பொம்பளைப் பிள்ளைக்கு லாரியில் என்ன விஷயம் என்றுதானே? நான் சங்ககிரிக்காரி அக்கா. எங்கள் ஊரில் மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று கேட்க மாட்டார்கள், எத்தனை சக்கரம் என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் பத்துச் சக்கரம். ஒரே வண்டி. அப்பாதான் ஓனர், அப்பாதான் டிரைவர், கிளீனரும் அவரேதான். நாச்சிமுத்து என்றால் லாரி ஸ்டாண்டில் தெரியும். சங்ககிரியில் சிமெண்ட் ஏற்றிக்கொண்டு பாலக்காடு போவார், அங்கே கிடைக்கிற லோடை ஏற்றிக்கொண்டு திரும்புவார். நினைவு தெரிந்த நாளிலிருந்து அதே ரோடு.

நான் சேலத்தில் யுனிவர்சிட்டியில் புள்ளியியல் படிக்கிறேன், எம்.எஸ்ஸி. அப்பாவைக் கேட்டால் "பாப்பா கணக்குப் படிக்குது" என்பார். புள்ளியியல் வேறு, கணக்கு வேறு என்று விளக்கிப் பார்த்துவிட்டேன். "அதுவும் எண்ணுதானே கண்ணு?" என்று கேட்டார். எண்தான் என்று விட்டுவிட்டேன். நான் விட்டுக்கொடுத்த ஒரே வாதம் அதுவாகத்தான் இருக்கும்.

மாசியில் ஆரம்பித்தது. லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பா வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். நிற்கிற வண்டியில் இஞ்சின் சீராக ஓட வேண்டும் இல்லையா, தட தட தட என்று? இது தட தட, அப்புறம் ஒரு மூச்சை விழுங்கும், அப்புறம் தட. ஒவ்வொரு விழுங்கலுக்கும் கேபின் குலுங்கும். பக்கக் கண்ணாடி நடுங்கும். கியர் கம்பி காய்ச்சல்காரன் கைபோல உதறும். அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, "ஏனுங், வண்டிக்கு விக்கல் எடுக்குது. யாரோ நெனைக்கறாங்க" என்றாள். "ஃபைனான்ஸ்காரனாத்தான் இருக்கும்" என்றார் அப்பா.

சிரித்தோம். ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி மூன்றுக்கு வந்துவிட்டது. ஒரு கிலோமீட்டர்தானே என்பார்கள் கார் வைத்திருப்பவர்கள். லாரி வைத்திருப்பவன் வீட்டில் அந்த ஒரு கிலோமீட்டரில்தான் அக்கா சோறு வேகிறது. மிச்சமெல்லாம் டயருக்கும் டோல்கேட்டுக்கும் போய்விடும். "இப்பிடியே போனா வண்டியக் குடுத்துட்டு, எவன் வண்டியிலயாச்சும் தெனப்படிக்கு ஓட்டப் போக வேண்டியதுதான்" என்று அம்மாவிடம் அவர் சொன்னதைக் கேட்டேன். அத்தனை வருஷம் சொந்தமாக ஓட்டிவிட்டு இன்னொருத்தன் வண்டியில். எனக்குத் தாங்கவில்லை. எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்காமல் சேலம் போவதில்லை என்று முடிவு பண்ணினேன்.

எங்கள் வண்டி எப்போதும் மாதேசன் பட்டறைக்குத்தான் போகும். நல்ல மனுஷன், வாய் மட்டும் நீளம். முதலில் டீசல் ஃபில்டரை மாற்றினார். விக்கல் நிற்கவில்லை. அடுத்து, டீசல் பம்பை இறக்கிச் சேலத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

"எதை வெச்சுச் சொல்றீங்க அண்ணா?" என்று கேட்டேன்.

"அனுபவம் அம்மிணி."

"அனுபவம் தரவு இல்லீங்களே."

"தரவோ தவிடோ, பம்பை எறக்கோணும்."

நான் விடவில்லை. ஆறு சிலிண்டர் இருக்கிறது, ஆறுமா விக்குகிறது? எது என்று தெரியாமல் எப்படிப் பம்பின் மேல் பழியைப் போடலாம்? ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டாமா? பட்டறையில் இருந்தவர்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அப்பா சங்கடமாக, "விடு சாமி, அவன் பாத்துக்குவான்" என்றார். மாதேசன் தலையில் அடித்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தார். இஞ்சினை ஓடவிட்டு, டீசல் போகிற குழாய் ஒன்றின் நட்டைத் தளர்த்தினார். இஞ்சின் சத்தம் தடுமாறியது. அப்படியென்றால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. முறுக்கிவிட்டு அடுத்தது. அதுவும் தடுமாறியது. நாலாவதைத் தளர்த்தினார், சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தச் சிலிண்டர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நான் கைதட்டிவிட்டேன் அக்கா.

அதற்குள் டீசலைத் தூவுகிற நாசிலைக் கழற்றிப் பார்த்தார். "தூவ வேண்டிய பய சொட்டிக்கிட்டு இருக்கறான்" என்றார். அதோடு குழாய் மூட்டில் ஒரு செம்பு வாஷர் தேய்ந்து காற்று இழுத்திருக்கிறது. இரண்டையும் புதிதாகப் போட்டார். வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் ஒரு தம்ளர் தண்ணீரை மேலே வைக்கலாம், அலை அடிக்காது. அப்பா இஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "கொழந்த தூங்கறாப்பல இருக்குது" என்றார். என்னைப் பார்த்து மாதேசனிடம், "கணக்குப் படிச்ச புள்ள" என்றார். புள்ளியியல் என்று நான் திருத்தவில்லை.

இங்கேயே முடிந்திருந்தால் இன்றைக்கு இந்த பஸ்ஸில் ஏன் வரப்போகிறேன்? விக்கல் நின்றது, மைலேஜ் வரவில்லை. அதே மூன்று.

மறுபடி பட்டறை. ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. டயர் காற்று சரி. பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதோ என்று ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தோம், ராட்டினமாகச் சுற்றியது. கிளட்ச் வழுக்கவில்லை. டேங்க் ஒழுகவில்லை. மாதேசன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "அம்மிணி, இந்த வண்டியில இன்னும் கழட்டாதது நெம்பர் பிளேட் ஒண்ணுதான்" என்றார்.

அதற்கு நடுவில் அப்பா ஒரு புகார் சொன்னார். "நாசில் மாத்துனவன் ஐடிலிங்கை ஏத்தி வெச்சுட்டான். சிக்னல்ல நின்னா வண்டி சும்மா உறுமுது." ஐடிலிங் என்றால் வண்டி நிற்கும்போது இஞ்சின் ஓடுகிற வேகம். ஆஹா, அதுதான் டீசல் போகிற வழி என்று நேராகப் பட்டறைக்குப் போனேன். மாதேசன் வண்டியில் ஏறி ஸ்டார்ட் பண்ணினார். பூனைபோல ஓடியது. "எங்க உறுமுது?" என்றார். "நீங்க இப்ப கொறச்சிருப்பீங்க" என்றேன். "என்னைய எறங்க விடாமத்தான நீ நிக்கற, எப்பக் கொறச்சேன்?" என்றார். "அப்பறம் எங்கப்பா ஓட்டறப்ப மட்டும் ஏன் உறுமுது?" என்று கேட்டேன். அவர் கீழே எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். பதில் இல்லாதவன் குனிவான், தப்பு அவர் மேல்தான் என்று நினைத்தேன். அன்றைக்கு என்னிடம் இருந்த தகவலுக்கு அது நியாயமான முடிவு. இப்போதும் அதைச் சொல்வேன்.

திருச்செங்கோடா இது? கூட்டம் ஏறும். இப்படி நெருங்கி உட்காருங்க.

அப்பாவைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். வண்டிக்குள் செருப்புப் போட மாட்டார். சாமி படம் மாட்டியிருக்கிற இடம், செருப்பைக் கழற்றி ஏணிப்படிக்குப் பக்கத்தில் செருகிவிட்டு வெறுங்காலோடுதான் ஏறுவார். "கால் பட்டாத்தான் வண்டி பேசும்" என்பார். எத்தனை கிலோ அழுத்தினால் எத்தனை டீசல் போகும் என்பது அவர் பாதத்துக்குத் தெரியும். ஸ்டாண்டில் அவரோடு மைலேஜ் பந்தயம் கட்டித் தோற்காதவர்கள் கிடையாது. அப்படிப்பட்டவருக்கு இந்த வருஷம் என்னமோ அஜாக்கிரதை. ஒரு நாள் கடைக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வந்து நிற்கிறார். இன்னொன்று எங்கே என்றால் காலைப் பார்த்துவிட்டு முழிக்கிறார். "தவம் பண்ற சாமியார் மாதிரி ஒத்தக் கால்ல வந்திருக்கீங்க" என்று நான் கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு நகைச்சுவை உணர்வு குறைவு.

அப்புறம் பங்குனி வெயிலில் பாலக்காட்டில் லோடுக்குக் காத்திருந்தபோது, கேபினுக்குள் இருக்கிற இஞ்சின் மூடி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். கொதிக்கிற இரும்பு. வீட்டுக்கு வந்தால் குதிகாலில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். "சுடலீங்களாப்பா?" என்று கத்தினேன். "தூக்கத்துல தெரியல கண்ணு" என்றார். சர்க்கரை வேறு இருக்கிறது, புண் ஆற நாளாகும். மாத்திரையைச் சரியாகப் போடுவதில்லை என்று அரைமணி நேரம் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பேசினால் அவர் எப்போதும் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்.

புண் ஆறும்வரை வண்டி நிற்க முடியுமா? தவணை நிற்காதே. அம்மாதான் சென்னியப்பன் மாமாவுக்குப் போன் பண்ணினாள். நான் இப்போது பார்க்கப் போவது அவரைத்தான்.

அவர் சொந்த மாமா இல்லை. அப்பாவும் அவரும் ஒரே வண்டியில் டிரைவர்களாக ஆரம்பித்தவர்கள். அவரும் சொந்தமாக ஒரு வண்டி வாங்கினார். தவணை கட்ட முடியாமல் ஃபைனான்ஸ்காரர்கள் ரோட்டிலேயே மறித்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது ஆக்டிங் டிரைவர். யாருக்கு உடம்பு சரியில்லையோ அவர் வண்டியை ஓட்டுவார். வந்தார். எங்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாண மண்டபத்தில் அடுத்தவர் பெண்ணைப் பார்க்கிற பார்வை.

அதே லோடு, அதே ரோடு. போய்த் திரும்பி வந்து டேங்கை நிரப்பிப் பார்த்தால் நாலுக்கும் மேலே மைலேஜ்.

ஒரு ட்ரிப்பை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று அம்மாவிடம் சொன்னேன். அடுத்த ட்ரிப்பும் நாலுக்கு மேல். அப்பா திண்டுக்கு மேல் காலை நீட்டி வைத்துக்கொண்டு, "அவன் கை ராசி" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டாண்டில் அத்தனை பேரையும் ஜெயித்த மனுஷன், வீட்டில் உட்கார்ந்துகொண்டு இன்னொருத்தன் கை ராசி என்கிறார்.

நான் யோசித்தேன் அக்கா. நிஜமாகவே படித்ததையெல்லாம் வைத்து யோசித்தேன். டீசலைத் திருடி விற்கிற டிரைவர்கள் உண்டு, அது ஊருக்கே தெரியும். அதன் மறுபக்கத்தை யாராவது யோசித்திருக்கிறார்களா? தன் கைக்காசில் டீசல் ஊற்றி மைலேஜ் காட்டுகிற டிரைவர்? ஏன் ஊற்றுவான்? நாச்சிமுத்துவை விட நான் நன்றாக ஓட்டுகிறேன் என்று காட்டினால் வண்டி அவன் கைக்கு வரும். வண்டியைப் பறிகொடுத்தவனுக்கு அந்த ஆசை இருக்காதா? எனக்கு அப்போது இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்கவில்லை.

சாவியைக் கொடுக்கச் சென்னியப்பன் மாமா வீட்டுக்கு வந்தார். அப்பா புண்ணுக்குக் கட்டு மாற்றப் போயிருந்தார். அம்மா டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒரு கேள்வி."

"கேளு அம்மிணி. நீ கேக்காட்டித்தான் அதிசயம்."

"ட்ரிப்புக்கு எத்தன லிட்டர் உங்க கைக்காசுல ஊத்துனீங்க?"

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார் பாருங்க, இருமல் வந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஏம்மிணி, சொந்தக் காசுல டீசல் ஊத்தறவன் லாரி டிரைவரா, தர்மகர்த்தாவா?"

"சிரிச்சுத் தப்பிக்காதீங்க. வண்டி சரியா இருக்குது, பட்டறையில பாத்தாச்சு. ரோடு அதே ரோடு. லோடு அதே லோடு. மாறுனது டிரைவர் மட்டுந்தான். அப்பறம் ரெண்டுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும். ஒண்ணு, எங்கப்பாவுக்கு வண்டி ஓட்ட முடியல. இல்லீன்னா நீங்க ஊத்துனீங்க. எங்கப்பாவுக்கு ஓட்ட முடியலையா? சொல்லுங்க மாமா. அவரால ஓட்ட முடியலன்னு உங்க வாயால சொல்லுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். அடுப்படி வாசலில் அம்மா டீத் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஊத்துனேன் அம்மிணி" என்றார்.

"எதுக்கு?"

"ஆசைதான். வண்டி மேல ஆசை."

இனிமேல் எங்கள் வண்டியில் ஏற வேண்டாம் என்று சொன்னேன். சாவியை ஜன்னல் கட்டையில் வைத்தார். டீயைக் குடிக்காமல் போனார். அம்மா அந்த டீயைத் தொட்டியில் கொட்டிவிட்டு என்னிடம், "ஜெயிச்சுட்டியா?" என்று கேட்டாள். இதில் ஜெயிப்பதும் தோற்பதும் எங்கே வந்தது, உண்மை வெளியே வந்தது, அவ்வளவுதான் என்றேன். அவள் தம்ளரைக் கழுவப் போய்விட்டாள். எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். வாதம் சூடு பிடிக்கிற நேரத்தில் எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள்.

கட்டுப் பிரித்ததும் அப்பா வண்டியை எடுக்கக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்து, அப்பா ஓட்டினாலும் நாலு வரும் என்று காட்ட வேண்டும். வயசுக்கு வந்த பிள்ளை லாரியில் போனால் ஊர் என்ன சொல்லும் என்று அம்மா ஆரம்பித்தாள். நான் வரிசையாகப் பதில் சொன்னேன். திடீரென்று, "சரி, போயிட்டு வா. பக்கத்துலயே உக்காந்து நல்லாப் பாரு" என்று சொல்லிவிட்டாள். என் பதில்களில் அவள் மனம் மாறிவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன்.

சிமெண்ட் ஏற்றப் போகிற வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. காலை வெயில். எங்களுக்கு முன்னால் லாரி, பின்னால் லாரி. எல்லாம் அடங்கி நிற்கின்றன, எங்கள் வண்டி மட்டும் உறுமுகிறது. பக்கத்து டெம்போக்காரர் தலையை வெளியே நீட்டிப் பார்க்கிறார்.

"அப்பா, ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்க."

"எடுத்துட்டேன் சாமி. ஐடிலிங்கை ஏத்தி வெச்சுட்டான்னு சொன்னனே, அதான் உறுமுது."

நான் குனிந்து பார்த்தேன்.

அவர் கால் ஆக்சிலேட்டர் மேல்தான் இருந்தது அக்கா. லேசாக இல்லை, முழுப் பாரமும். கட்டைவிரல் பெடலுக்கு அடியில் மடங்கியிருந்தது. நமக்கென்றால் வலித்திருக்கும். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். ரயில் வருகிறதா என்று தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்கிற முகம் இல்லை. பொய் சொல்கிறவரோடு வாதாடலாம். காலை எடுத்துவிட்டதாக நம்பிச் சொல்கிறவரோடு என்ன வாதாடுவது?

பிரேக்கும் அதே கால்தான் அக்கா. அது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. வாய் தானாகப் பேசியது. "ஆமாங்கப்பா, மாதேசன் அண்ணன்தான் ஏத்தி வெச்சுட்டாரு. மறுபடி விக்கல் வேற எடுக்குது. பட்டறைக்குத் திருப்புங்க." அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். "எனக்குக் கேக்கலியே" என்றார். "எனக்குக் கேக்குதுங்கப்பா" என்றேன். "நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று, கேட் திறந்து முன்னால் இருந்த லாரி நகர்ந்ததும் மெதுவாகத் திருப்பினார். பட்டறை வரைக்கும் ஒவ்வொரு தடவை அவர் பிரேக்குக்குக் காலைக் கொண்டுபோகும்போதும் நான் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார், நான் காலைப் பார்த்தேன். ரெண்டு பேர் சேர்ந்து ஒரு வண்டியை ஓட்டினோம்.

மாதேசனைத் தனியாகக் கூப்பிட்டு, வண்டியைத் தர வேண்டாம், ஏதாவது ரிப்பேர் சொல்லி வைத்துக்கொள்ளுங்க என்றேன். "நல்ல வண்டிய ரிப்பேர்னு சொன்னா என்ற பட்டறைக்கு என்ன மரியாதை?" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரிஞ்சுருச்சா?" என்று கேட்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அம்மாவுக்குத் தெரியும். பாதம் மரத்துப்போய்க் கொஞ்ச காலமாகிறதாம். வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ டாக்டர்கிட்டச் சண்டைக்குப் போவ. அப்பறம் அவர்கிட்டச் சண்டைக்குப் போவ. உங்கிட்டப் பேசி யாரு மீள்றது?" என்றாள். அப்புறம், "ஊட்ல ஒரு ஆளாச்சும் தன்னைய நல்ல டிரைவர்னு நெனைக்கட்டும்னு அவருக்கு ஆசை" என்றாள்.

இதில் எனக்கு என்ன கோபம் என்றால், எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை என்னிடம் மறைத்துவிட்டு, தகவலே இல்லாமல் நான் எடுத்த முடிவுக்கு என்னைக் குற்றம் சொல்கிறார்கள். சென்னியப்பன் மாமாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாள் அம்மா. எதற்குக் கேட்க வேண்டும்? நான் கேள்விதான் கேட்டேன். ஊற்றினேன் என்று பொய் சொன்னது அவர். நான் நம்பினேன். பொய் சொன்னவரிடம் நம்பியவள் எதற்கு மன்னிப்புக் கேட்பது? நீங்கள் சொல்லுங்க.

ஆமாம், நானும் ரயில்வே கேட்டில் அப்பாவிடம் பொய் சொன்னேன்தான். அது வேறு. எப்படி வேறு என்றால்... வேறுதான் அக்கா, விடுங்க. எனக்கு இன்றைக்குப் பேசத் தெம்பில்லை.

மாமாவை நிரந்தரமாக வண்டிக்கு வரச் சொல்லப் போகிறேன். போன் பண்ணினால் எடுப்பதில்லை, அதனால் நேரில். வந்துவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். அப்பாவிடம் யார் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. எதிர்த்துப் பேசித்தான் எனக்குப் பழக்கம். எதிரில் இருப்பவர் ஒரு வார்த்தையாவது பேசினால்தான் எனக்குப் பேச வரும். அப்பா பேச மாட்டார். கேட்டுக்கொண்டே இருப்பார்.

இருங்க, போன் அடிக்கிறது. அப்பாதான்.

சொல்லுங்கப்பா. பஸ்ஸுலங்க. ... எங்க இருக்கீங்க? ... பட்டறையிலயா? மாதேசன் அண்ணன் இல்லீங்களா? ... சாப்பிடப் போயிட்டாரா. சாவி? ... வண்டியிலயே இருந்துச்சா. ... கேக்குதுங்கப்பா. ஸ்டார்ட் பண்ணிட்டீங்க, எனக்குக் கேக்குது.

அக்கா, வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

இல்லீங்கப்பா, பக்கத்துல ஒரு அக்கா. ... ஆமாங்க, விக்கல் இல்ல. அன்னைக்கும் இல்லீங்கப்பா. நான் சும்மா சொன்னேன். ... ஏன்னு சொல்றேன், கியர் போடாதீங்க. கியர் போடாம ஒரு நிமிசம் நான் சொல்றதக் கேளுங்க. ... உறுமுது, தெரியுது. ஐடிலிங் ஏறலீங்கப்பா. மாதேசன் அண்ணன் அதத் தொடவே இல்ல. ... நான் வாதாடல. சத்தியமா வாதாடலப்பா. குனிஞ்சு பாருங்க. ... கீழ. உங்க கால் எங்க இருக்குதுன்னு குனிஞ்சு பாருங்கப்பா.

...

அக்கா, சத்தம் இறங்குகிறது. காதை வையுங்க. கேட்கிறதா? எவ்வளவு சீராக ஓடுகிறது பாருங்க.

அணைத்துவிட்டார்.

அப்பா? ... இருக்கேங்கப்பா. லைன்லதான் இருக்கேன். ... இல்ல, அழுகல. ... சீட்டு கெடச்சுதுங்க, உக்காந்துதான் போறேன். ... சென்னி மாமா ஊட்டுக்குத்தாங்க. ... ஆமாங்க, வண்டிக்கு வரச் சொல்லத்தாங்க. ... சரிங்கப்பா. ... சரிங்கப்பா. ... சரிங்கப்பா.